எதிர்க்காற்று

ஈராண்டுகள் பேசாதிருந்த நண்பர், சென்ற ஆடியில் வாசலில் வந்து நின்று, “ஹஜ்ரத், சைக்கிளில் சுந்தரபாண்டியபுரம் போய் வருவோமா?” என்றார். மனத்தாங்கலுக்குக் காரணம் ஒரு கைமாற்று. வாங்கித் திருப்பாதவன் நான்.

கடையநல்லூரில் வைகறைத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். தென்காசி கடந்ததும் மேல்காற்று முதுகைத் தள்ளிற்று. மிதிக்கும் வேலையே குறைந்தது. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தால் பெயர் பரவிய ஊர். முற்றிய சூரியகாந்தி கதிரவனோடு திரும்பாது. கிழக்கையே நோக்கி நிற்கும். மேற்கிலிருந்து சென்ற எங்களுக்கு முதலில் அவற்றின் முதுகுகளே காட்சி!

திரும்புகையில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று நேர் எதிரே மோதிற்று. எனக்கு மூச்சு வாங்கியது. நண்பர் முன்னே சென்று, “என் பின்சக்கரத்தை ஒட்டியே வாருங்கள்” என்றார். தென்காசி வரை அவர் முதுகே எனக்குக் காப்பு.

தேநீர்க் கடையில் இறங்கியதும் கடன் பேச்சை நானே எடுத்தேன்.

“முதலில் தேநீரைக் குடியுங்கள், ஹஜ்ரத்” என்றார்.