லினக்ஸில் சுட ஒரு விளையாட்டு

லினக்ஸில் தனியாளா சுட்டு விளையாட என்ன கிடைக்கும்னு தேடுறவங்களுக்காக இந்தப் பதிவு. மாற்றலாகி போவன்பள்ளி வந்ததில் பதினாலு வயசுப் பையனுக்குக் கூட்டாளி இல்லை, தெலுங்கும் வரலை. முகம் தெரியாதவங்களோட இணையத்தில் மோத விட எனக்கு மனசில்லை. சோனோடிக் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது முக்கியமா பலபேர் ஆட்டம்.

கிடைச்சது ஃப்ரீடூம். 1993-ல் வந்த டூம் விளையாட்டோட மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-ல் வெளியிட்டாங்க. 1999-ல் ஜிபிஎல் உரிமமும் தந்தாங்க. படம், ஒலி, கட்டங்களுக்கு மட்டும் இன்னும் காசு. அதையெல்லாம் தன்னார்வலர்கள் புதுசா செஞ்சு இலவசமாக் கொடுத்ததுதான் ஃப்ரீடூம். பழைய கணினியிலும் ஓடுது. திருட்டு சிடி வேண்டாம், செலவு பூஜ்யம்; வங்கிக்காரனுக்கு வேறென்ன வேணும்?

இப்போ எதிர்வீட்டுப் பையனும் வந்து மாத்தி மாத்தி ஆடுறாங்க. "வெனக சூடு!"ன்னு நம்மாளு கத்துறான். துப்பாக்கிச் சூடு இல்லைங்க, தெலுங்கில் 'பின்னாடி பாரு'!