கடலோரத்தில் மூன்று இரவுகள்

எழுபத்திரண்டு வயதான ஒருவனைத் தரையில் படுத்து உறங்கச் சொன்னால் அவனுக்குக் கோபம் வருமா, வராதா? சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் எனக்கு வந்தது.

சிட்னி நகரில் வசிக்கும் எங்கள் மகன் வீட்டுக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். மெல்போர்னுக்கு விமானத்தில் போய், நல்ல விடுதியில் தங்கி, ஊர் சுற்றிப் பார்ப்பதாக முன்பே ஏற்பாடு. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த மறுவாரம் மகன், "அப்பா, மெல்போர்ன் வேண்டாம். ஜெர்விஸ் விரிகுடாவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோம். குழந்தைகளுக்கும் பள்ளி விடுமுறை" என்றான். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தது கூடாரத்தில் படுக்கவா என்று நான் முணுமுணுத்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அத்துடன் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று குடும்பங்கள் சேர்ந்து புறப்பட்டோம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கூடாரங்களை இரவல் கொடுத்தார். அண்டை வீட்டுக் குஜராத்தி நண்பர் பனிப்பெட்டியும் அடுப்பும் கொண்டு வந்தார். எங்கள் பங்கு சாப்பாடு. முதல் நாளுக்குப் புளியோதரை, மறுநாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பனிப்பெட்டியில் தயிர். ஆக, வழியில் எந்த உணவுச்சாலைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சிட்னியிலிருந்து தெற்கே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். மோட்டாரில் மூன்று மணி நேரப் பிரயாணம். வழியில் ஹெலன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1985-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் நடைபெற்ற வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. யூக்கலிப்டஸ் காட்டுக்கு நடுவே கோபுரத்தைக் கண்டதும் என் மனவருத்தம் பாதி குறைந்தது. பெருமாளை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம்.

நாங்கள் தங்கிய இடம் பூடரீ தேசியப் பூங்கா. அந்நிலம் 1995-ஆம் ஆண்டில் ரெக் பே என்னும் ஆதிகுடிச் சமூகத்தாருக்கே திருப்பி அளிக்கப்பட்டது. அவர்களும் அரசாங்கத்தாரும் கூடி அதை நிர்வகிக்கிறார்கள். பூடரீ என்றால் அவர்கள் மொழியில் வளம் மிக்க விரிகுடா என்று பொருளாம். கூடாரத்துக்கு முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ள வேண்டும். மோட்டார் உள்ளே செல்லத் தனிக் கட்டணம் உண்டு. இரண்டையும் சேர்த்தாலும் விடுதி அறைக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது. இவ்வளவுக்கும், நாங்கள் இறங்கிய 'கிரீன் பாட்ச்' திடலில் வெந்நீர்க் குளியலறை உண்டு!

மணல் தும்பைப்பூப் போல வெளுத்திருந்தது. நடந்தால் காலடியில் கீச்சுக் கீச்சென்று ஒலித்தது. மாலையில் கங்காருக்கள் புல்வெளிக்கு வந்து, எங்களைச் சிறிதும் லட்சியம் செய்யாமல் மேய்ந்தன. செந்நிறமும் நீலமும் கலந்த கிளிகள் சாப்பாட்டு மேஜைவரை வந்து எட்டிப் பார்த்தன. அவற்றுக்கு ஒரு பருக்கையும் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். மனிதன் போடும் தீனி அவற்றுக்கு நோயைத் தருகிறது. விரிகுடாவுக்குள் நீர் அமைதியானது, வெளிக்கடலோ அப்படியன்று. ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டம் உண்டு. அந்நாட்டுக் கடற்கரைகளில் காவலர்கள் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நட்டிருந்தால், அவ்விரு கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிக்க வேண்டும். இவ்வழிப் போகும் அன்பர்கள் இதனை மறக்கலாகாது.

இரண்டாம் நாள் இரவு. எல்லாரும் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, என் மகனும் யாழ்ப்பாணத்து நண்பரும் வெளியே நாற்காலி போட்டு அமர்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்கு ஏது சுவர்?

"வேலை விஷயம் ஏதாவது சரிவந்ததா?" என்றார் நண்பர்.

"இரண்டு மாதமாயிற்று. இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் நாளைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவார்."

என் மனைவி விழித்துத்தான் இருந்தாள். இருட்டில் என் கையைப் பற்றிக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு 1978-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது தில்லியில் கரோல்பாகில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வேலை பார்த்த கம்பெனியில் மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கும்பகோணத்திலிருந்து என் தந்தை வந்தார். ஆக்ரா, ஜயப்பூர் எல்லாம் காட்டுவதாக எழுதியிருந்த நான், "ஹரித்வாரம்தான் விசேஷம், அப்பா" என்று சொல்லி, தயிர்சாதம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் அழைத்துப் போய்த் தர்மசாலையில் தங்க வைத்தேன். "சத்திரத்தில் தங்குவதுதான் க்ஷேத்திராடனம்" என்று அவர் மகிழ்ந்தார். அவர் ஊருக்குப் புறப்பட்ட பிறகு தலையணையின் கீழ் ஐம்பது ரூபாய் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. ஆயினும் கடைசிவரை அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் செயின்ட் ஜார்ஜ் முனைக்குச் சென்றோம். அங்கே 1860-ஆம் ஆண்டில் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இடிந்து கிடக்கிறது. தவறான இடத்தில் கட்டிவிட்டார்களாம். வடக்கிலிருந்து வரும் கப்பல்களுக்கு அதன் ஒளி தெரியவே தெரியாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே கப்பல்கள் பாறையில் மோதின. 1899-இல் வேறு முனையில் புதிய விளக்கம் எழுந்தது. பழைய கோபுரம் மாலுமிகளைக் குழப்பியதால், பின்னாளில் கடற்படையார் அதைப் பீரங்கியால் சுட்டுத் தகர்த்தார்கள்.

அந்த இடிபாட்டருகே நின்று, குட்டியுடன் தெற்கே திரும்பும் திமிங்கிலங்களைக் குழந்தைகள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மகனைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய், "உனக்கு வேலை போனது தெரியும்" என்றேன். அவன் தலைகுனிந்தான். ஹரித்வாரக் கதையையும் ஐம்பது ரூபாயையும் சொன்னேன். "தாத்தா சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். நான் சொல்லியே தருகிறேன்" என்றேன். அவன் பணத்தை மறுத்தான். ஆனால் அன்று நெடுநேரம் என்னிடம் பேசினான். ஐந்தாறு ஆண்டுகளாக அவன் அப்படிப் பேசியதில்லை. நடுவில் பேத்தி, "தாத்தா, அதோ!" என்று கூவினாள். கடலில் ஒரு கரிய முதுகு எழுந்து மறைந்தது.

சிட்னி திரும்பியதும் உல்லாசப் பயணங்களை நிறுத்திவிடவில்லை. ரயிலில் குரோனல்லா சென்று, அங்கிருந்து சிறு படகில் பண்டீனா அடைந்தால், 1879-இல் நிறுவப்பட்ட ராயல் தேசியப் பூங்காவின் கடலோரப் பாறைகளில் நாள் முழுவதும் நடக்கலாம். கட்டுச்சோறு இருந்தால் ரயில், படகுக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. இருமுறை போய் வந்தோம்.

மகனுக்கு இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னிலும் குறைவு. "அடுத்த முறை வாருங்கள் அப்பா, மெல்போர்னுக்குப் போகலாம்" என்று எழுதியிருந்தான். கூடாரத்தை எடுத்து வைக்கும்படி பதில் எழுதியிருக்கிறேன்.