மிதிவண்டிக்கும் ஓர் இடம் வேண்டும்

தோட்டப்புற வாழ்க்கையில் மிதிவண்டி குடும்பத்தின் ஓர் அங்கமாகவே விளங்கி வந்துள்ளது. பொழுது புலருமுன் பால்மரம் வெட்டச் சென்ற தந்தையரையும், பால் வாளிகளையும், பள்ளி செல்லும் பிள்ளைகளையும் சுமந்தது அதுவே. இரவில் அது லயத்து வாசலில் சுவரோரம் சாய்ந்து நிற்கும். யாருடைய வண்டி எது என்பதை எல்லாரும் அறிந்திருந்தமையால் பூட்டுக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

காலம் மாறிற்று. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்களுள் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். குடும்பத்திற்கு வீடு கிடைத்தது. மிதிவண்டிக்கு வாசல் கிடைக்கவில்லை.

நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவன் அவ்வாறு நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தான். படிக்கட்டின் கீழ் நிறுத்திய அவனது மிதிவண்டி ஒரு மாதத்திற்குள் களவு போயிற்று. அதன்பின் அவன் பள்ளிக்கு வராத நாள்கள் பெருகின. அவன் இல்லத்திற்கு நாம் நேரில் சென்றோம். படிக்கட்டுக் கம்பிகளிலும் நடைவழியிலும் வண்டிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. மூதாட்டி ஒருவர் உடலைத் திருப்பி, ஒதுங்கி நடந்தார். தீப்பற்றினால் இவர்கள் எவ்வாறு தப்புவர் என்ற கவலை நம்மை வாட்டியது.

நடைவழியில் வண்டி வைப்போரைக் கடிந்து பயனில்லை. ஆயினும் அது ஆபத்தானதே. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம், தப்பிச் செல்லும் வழியை அடைப்பதைத் தீ அபாயமாகக் கருதுகிறது. சிங்கப்பூரிலும் அடுக்குமாடிகளின் பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும். ஆகவே, மேலே வைத்தால் ஆபத்து. கீழே விட்டால் களவு. ஏழைப் பெற்றோர் என்செய்வர்?

இதே தொல்லையை அனுபவித்த பிற நாட்டார் ஒரு வழி கண்டுள்ளனர். மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் மிகுந்த நாடு நெதர்லாந்து. அங்கு ரோட்டர்டாம் போன்ற நகரங்களின் பழைய மாடி வீடுகளில் படிகள் செங்குத்தானவை. வண்டி வைக்க இடமுமில்லை. எனவே, தெருவோரத்திலேயே வளைந்த மூடியுடைய இரும்புக் கூண்டுகளை நிறுவினர். ஒரு கூண்டில் பொதுவாக ஐந்து வண்டிகள் அடங்கும். இலண்டனிலும் ஆறு வண்டிகள் கொள்ளும் இத்தகைய கூண்டுகள் பல தெருக்களில் உள்ளன. ஒரு கார் நிற்கும் இடத்தில் பாதியே இதற்குப் போதும். அக்கம்பக்கத்தில் வசிப்போர் கட்டணம் செலுத்திச் சாவி பெறுகின்றனர். மழையும் படாது, திருடன் கையும் எளிதில் எட்டாது.

ஒரு கார் நிற்கும் இடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளின் வண்டிகளை வைக்கலாம் என்னும் கணக்கை நம் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். அடுக்குமாடி நிர்வாகக் கூட்டங்களுக்குத் தவறாது சென்று இதனைக் கேளுங்கள். சாலையோர இடமாயின் ஊராட்சி மன்றத்திற்குப் பலரும் கையொப்பமிட்டு மனுச் செய்யுங்கள். தனி ஒருவர் குரலினும் இருபது குடும்பங்களின் கையொப்பம் வலிது.

மாணவச் செல்வங்களே! அதுவரை நீங்கள் செய்யத்தக்கவையும் உள. சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள்; சக்கரத்தைக் கழற்றிவிட்டு எஞ்சிய வண்டியைக் கொண்டுபோய் விடுவர். வண்டியின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய கம்பியோடு பூட்டுங்கள். சட்டத்தின் அடியில் பொறித்துள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் செய்யும்போது அது உதவும்.

அம்மாணவன் இப்போது அண்டை வீட்டாரின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறான். அவர் வேலை மாறும் நாள்களில் அவன் இருக்கை காலியாகவே கிடக்கிறது. இது ஒரு வண்டியின் இழப்பு மட்டுமன்று. ஒரு பிள்ளையின் கல்வி சார்ந்தது. பெற்றோர் இதனை உணர்ந்து ஒன்றுபட்டுச் செயற்படுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.