நந்தனத்தில் ஒரு ரவுண்டு

நந்தனம் சிக்னலில் நின்றால் போதும், சென்னையில் இந்த மாதம் எந்தெந்த பைக் நன்றாக விற்றிருக்கிறது என்று கம்பெனிக்காரர்களைக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். சிவப்பு விளக்கு அவ்வளவு நேரம் எரியும். இடது பக்கம் ஒரு ஸ்ப்ளெண்டர், டாங்க் மேல் சாப்பாட்டுப் பை. வலது பக்கம் ஒரு ஆக்டிவா, முன்னால் நின்றபடி தூங்கும் குழந்தை. பின்னால் ஆட்டோ, ஹாரன் சகிதம். நடுவே எங்கிருந்தோ ‘டுப்... டுப்... டுப்...’ என்று ஒரு க்ரூஸர் வந்து நிற்கும். நீளமான வண்டி, தாழ்வான சீட். காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஈஸிசேரில் பேப்பர் படிக்கிற தாத்தா மாதிரி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அத்தனை பேரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பச்சை விழுந்ததும் அவரும் நாமும் ஒரே வேகத்தில்தான் சைதாப்பேட்டை போய்ச் சேருவோம். ஆனாலும் அவர் போவது என்னவோ வேறு மாதிரி தெரியும்.

அந்த ‘வேறு மாதிரி’க்கு விலை, ரோட்டில் இறங்கும்போது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி.யை மாற்றினார்களே, அன்று ஆரம்பித்தது எனக்கு இந்தக் காய்ச்சல். 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு 28 சதவீதத்திலிருந்து 18-ஆக வரி இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் எத்தனை சி.சி. தெரியுமா? 349! ஒரே ஒரு சி.சி. இடைவெளியில் சாமர்த்தியமாக வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பிதழ் வேண்டுமா? “வரி குறைஞ்சிருக்கு” என்று வீட்டில் சொன்னேன். “நமக்கு சம்பளம் ஏறியிருக்கா?” என்றாள் மனைவி. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி.

நந்தனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷோரூம். பெயர் எதற்கு? எல்லா ஷோரூமும் இப்படித்தான். சேல்ஸ் பையன் என் லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்து, வழி சொன்னான்.

“லெஃப்ட் எடுங்க சார். மறுபடி லெஃப்ட். மறுபடி லெஃப்ட். கடைசியா ஒரு லெஃப்ட், இங்கயே வந்துடலாம்.”

“ரைட்?”

“ரைட் வேணாம் சார், டிராஃபிக்.”

நாலு லெஃப்ட், எட்டு நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் ஹெல்மெட் பட்டையை மாட்டுவதில் போயிற்று. இறங்கும்போது, எல்லோரையும் போல, “சூப்பரா இருக்கு” என்றேன். வேறென்ன சொல்வது? புது வண்டி, துடைத்துவைத்த கண்ணாடி, ஏ.சி. ஷோரூம் வாசல். அந்த எட்டு நிமிஷத்தில் எந்த வண்டியும் சூப்பர்தான்.

காலேஜில் எங்களுக்கு முதல் வருஷமே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். டிரையல் பேலன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால், கணக்கு சரியென்று அர்த்தமில்லை! மொத்தமாக எழுதாமல் விட்ட தப்பு அதில் தெரியாது. வாடகையில் எழுத வேண்டியதைச் சொத்தில் எழுதின தப்பு தெரியாது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டினாலும் தெரியாது. ஷோரூம் டெஸ்ட் ரைடும் அப்படித்தான். நாலு லெஃப்ட்டில் ஒரு யூ டர்ன்கூட இல்லை. ரிவர்ஸில் தள்ளவில்லை. பின்னால் யாரும் உட்காரவில்லை. மழை பெய்யவில்லை. முக்கியமாக, எஞ்சின் சூடாகவே இல்லை. ஆனால் கணக்கு டேலி!

அதனால் வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. நாளுக்கு 1,400 ரூபாய், 3,000 டெபாசிட்.

இங்கே ஒரு நிமிஷம். வாடகை பைக் எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, நம்பர் பிளேட்டை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடகைக்கு விடுவதற்குப் பதிவான வண்டி. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விட 1997-லேயே மத்திய அரசு ஒரு திட்டம் போட்டு, லைசென்ஸ் முறை கொண்டுவந்திருக்கிறது. வெள்ளைப் பலகை வைத்த சொந்த வண்டியை, “நம்ம ஃப்ரெண்டுதான் சார்” என்று சொல்லிக் குறைந்த காசுக்குத் தருகிறவர்கள் உண்டு. ஏதாவது ஆனால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குக் கைகொடுக்காது. ஃப்ரெண்டும் கைகொடுக்க மாட்டார். வண்டியை எடுக்கும்முன் ஒவ்வொரு கீறலையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாண போட்டோகிராபர் மாதிரி நான் 23 படம் எடுத்தேன். கடைக்காரர் கொஞ்சம் மனம் வருந்தினார். வருந்தட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால். நான் ஆபீஸ் போகிறவன் இல்லை. ஆனாலும் போகிறவர்களோடு சேர்ந்து கிண்டி வரை போய்வருவது என்று கிளம்பினேன். வாங்கப் போகிற வண்டி, மாதத்தில் இருபத்தாறு நாள் ஓடப்போவது இந்த ரோட்டில்தானே?

நந்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1952-ல், தமிழ் வருஷமான நந்தனவின் பெயரால் வைத்த பெயர் என்பார்கள். நந்தனம் என்றால் பூந்தோட்டம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. நான் ஓட்டிய அந்த 2025 அக்டோபரில் தோட்டத்தில் பலமான தோண்டல்! மவுன்ட் ரோடுக்கு அடியில் 2018-லிருந்து ஓடும் மெட்ரோ. அதற்குக் குறுக்கே, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் இன்னொரு மெட்ரோவுக்கான வேலை. போதாக்குறைக்கு, தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, அந்த வேலையும் நடந்துகொண்டிருந்தது. கீழே ரயில், மேலே பாலம், நடுவில் மிச்சமிருந்த இடத்தில் நாம்.

க்ரூஸரின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான். என்னைப் போன்ற சராசரி உயரக்காரனுக்கு இரண்டு காலும் பூராவாகத் தரையில் பதிகிறது. சிக்னலில் இது பெரிய நிம்மதி. எஞ்சினுக்கு இழுவை அதிகம். மூன்றாவது கியரில், குறைந்த வேகத்தில்கூட முரண்டு பண்ணாமல் ஊர்கிறது. கியரை முன்பாதத்தால் தூக்க வேண்டாம், குதிகாலால் மிதித்தால் போதும். ஷூவில் பாலீஷ் போகாது. எம்.டி. மீட்டிங்குக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி மற்றது. வண்டியின் எடை 191 கிலோ. ஸ்ப்ளெண்டர் சுமார் 112. அதாவது ஸ்ப்ளெண்டரில் தாட்டியான ஓர் ஆளை உட்கார்த்தி வைத்தால் வருகிற எடையை, ஆள் ஏறுவதற்கு முன்பே இது வைத்திருக்கிறது. ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். பஸ்ஸுக்கும் தடுப்புக்கும் நடுவே ஸ்ப்ளெண்டர்காரர் புகுந்து மறைந்துவிட்டார். அகலமான ஹேண்டில்பாரை வைத்துக்கொண்டு நான் பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை மனப்பாடம் செய்தேன். யூ டர்ன் எடுக்கையில் முன் சக்கரம் எங்கோ சைதாப்பேட்டையில் இருக்கிறது, பின் சக்கரம் நந்தனத்திலேயே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத் திருப்புவதற்குள் பின்னால் ஆறு ஹாரன்.

வேகத்தடையில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண பைக்கில் கால் நமக்கு நேர் கீழே இருக்கும். மேடு வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக எழுந்து கொடுத்துவிடலாம். க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கிறது. எழ முடியாது. வருகிற அடி மொத்தமும் நேராக முதுகெலும்பின் கடைசி எலும்புக்கு ரிஜிஸ்டர் தபால். மாம்பலம், சைதாப்பேட்டை குறுக்குத் தெருக்களில் அன்றைக்கு எனக்கு வந்த தபால்கள் எண்ணி மாளாது. இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான், சூப்பர் மீட்டியோர் 650. எடை 241 கிலோ, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர். நம் தெருவாசிகள் தாங்களாகவே சிமென்ட் குழைத்துக் கட்டுகிற வேகத்தடைகளை அதன் அடிவயிறு எப்படிச் சமாளிக்கும் என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம்.

கிண்டியில் ஒரு கட்டடத்தின் பார்க்கிங்கில் விட்டேன். செக்யூரிட்டி பெரியவர் சுற்றிவந்து பார்த்தார். “வண்டி ஜோரா இருக்கு தம்பி. ஆனா ரெண்டு வண்டி இடத்தை அடைக்குதே” என்றார். திரும்பிவந்தபோது முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஸ்ப்ளெண்டராக இருந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். இதைத் தூக்க நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் இதற்காகத்தான் அதை ஆரம்பித்தாரோ என்னவோ! பெரியவரும் நானுமாகத் தள்ளி வெளியே எடுத்தோம். திரும்பும் வழியில் எஞ்சின் சூடு வலது கெண்டைக்காலில் இஸ்திரி போட்டது.

க்ரூஸர் என்பதே அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த உட்காரும் முறை. வளைவே இல்லாமல் நூறு மைல் போகிற ரோடு அவனுக்கு இருந்தது, காலை நீட்டினான். நமக்கு இருந்தது புல்லட். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தயாரித்த வண்டி. கம்பீரம் உண்டு, ஆனால் நிமிர்ந்து உட்கார வேண்டும். சைதாப்பேட்டை மாமாவிடம் ஒன்று இருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள் என்பதால், இரவல் கேட்டு யாருமே வரமாட்டார்கள். அதுதான் அந்த வண்டியின் பூட்டு. பிறகு 2002-ல் தண்டர்பேர்டு, 2005-ல் பஜாஜ் அவெஞ்சர் என்று நம் பையன்களும் காலை நீட்ட ஆரம்பித்தார்கள். ஹார்லி டேவிட்சன் 2010-ல் இங்கே கடை விரித்து, 2020-ல் தன் சொந்தக் கடையைக் கட்டி, ஹீரோவுடன் கூட்டு சேர்ந்து 2023-ல் எக்ஸ் 440 என்று திரும்பி வந்தது. மீட்டியோர் வந்தது 2020 நவம்பரில். காலை நீட்ட ஆசைப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ரோடுதான் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை மழை. வெங்கடநாராயணா ரோடு வழியாக பனகல் பார்க் பக்கம் காய்கறி வாங்கப் போனேன். பையை மாட்ட கொக்கி இல்லை. முருங்கைக்காயை டாங்க்கில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் சனிக்கிழமை.

ஞாயிறு காலை ஐந்தேகால். “எங்க உக்காரணும்?” என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஓட்டுகிறவருக்கு சோபா செய்தவர்கள், பின்னால் ஒரு தலையணையோடு நிறுத்திவிட்டார்கள். சேமியர்ஸ் ரோடு, அடையாறு, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். வந்தது.

அங்கேதான், சார், எனக்குப் புரிந்தது. ஐந்தாவது கியர், 70 கிலோமீட்டர் வேகம். வண்டி அப்படியே தரையோடு படிந்து உட்கார்ந்துகொண்டது. கால் நீண்டிருப்பதற்கு அர்த்தம் வந்தது. எடைக்கு அர்த்தம் வந்தது. கடல் பக்கமிருந்து அடித்த காற்றில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. முட்டுக்காடு பாலத்தில் விடிந்தது. யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். நூறைத் தாண்டினால் மூச்சு வாங்குகிற எஞ்சின்தான், 20 குதிரைசக்திதான். ஆனால் அந்த ரோட்டில் அந்த நேரத்தில் நூறு எதற்கு? கோவளம் தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. மாமல்லபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது வெயில், ரோடு முழுக்க கார்கள், கடைசி எலும்பு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. அது வேறு.

மாலை வண்டியை விட்டுவிட்டு வந்து கணக்கு போட்டேன். 2 லட்சத்து 40 ஆயிரத்தில் 60 ஆயிரம் கையிலிருந்து. மீதி 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு, மூன்று வருஷம், பத்தரை சதவீத வட்டி என்று வைத்தால், மாதம் சுமார் 5,850 ரூபாய். வருஷத்துக்கு 70 ஆயிரத்துக்குச் சற்று மேல். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்து ஈ.சி.ஆர். போனால் வருஷத்துக்கு 33,600. இருபத்தாறு நாள் நந்தனம் சிக்னலுக்குப் பழைய பைக்கே போதும். அதற்குத் தவணை கட்டி முடித்தாயிற்று, கொக்கியும் இருக்கிறது. அந்த 60 ஆயிரமும் சும்மா வந்ததில்லை. இரண்டு வருஷமாக, எழுதிவந்த காசில் எடுத்துவைத்தது. வேறு செலவு வந்தால் அதுதான் கை கொடுக்க வேண்டும்.

பேப்பரைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். இடது பக்கம் ஒரு தொகை, வலது பக்கம் ஒரு தொகை, அடியில் இரட்டைக் கோடு. பாதி விலை! அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் பேப்பரைப் பார்க்கவே இல்லை.

“அந்தப் பின் சீட்டு இருக்கில்ல, அதுக்கு முதுகு சாயற மாதிரி ஏதாவது போட்டுத் தருவாங்களா?”

“தருவாங்க. தனியா காசு.”

“எவ்ளோன்னு கேட்டு வைங்க” என்றபடி குக்கரை இறக்கப் போனாள்.

திங்கட்கிழமை ஷோரூமுக்கு போன் போட்டேன். அதே பையன்தான் எடுத்தான். “நேர்ல வாங்க சார், மாட்டியே காட்டிடறேன். அப்படியே மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்” என்றான்.

ரைட் எடுக்க விடுவாயா என்று கேட்டிருக்கிறேன்.