கால்நாட்டுக்கு ஒரு முருக்குக் கம்பு

தங்கை மகள் கல்யாணத்துக்குக் கால்நாட்ட முருக்குக் கம்பு வெட்டிவரச் சொன்னாள் அம்மா. 2007 ஆவணி. வெட்டரிவாளோடு விளைக்குப் போனேன். வேலியோரம் நான்கு முருக்கு நிற்கும். சின்ன வயதில் அதன் முள்ளை உடைத்து எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நான்கில் இரண்டு பட்டுப்போயிருந்தன. மற்ற இரண்டிலும் ஒரு நல்ல இலை இல்லை. இலைக்காம்பு இஞ்சி விரல்போலப் புடைத்து, இலை சுருண்டு, கொழுந்தெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. மங்கல காரியத்துக்கு எடுக்கும் கம்பு அதில் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து விளை அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமாட்டு இப்பிடித்தான் மக்கா. நல்லமிளகுக் கொடி எல்லாம் மரத்தோட சாஞ்சு கெடக்கு" என்றார்.

வெளியூர்க்காரர்கள் கல்யாண முருங்கை என்றும் முள்முருங்கை என்றும் சொல்லும் மரம் எங்களுக்கு முருக்கு. மழைக்கு முன் ஒரு கொம்பை வெட்டி ஊன்றினால் போதும், தழைத்துவிடும். முள்ளும் சொரசொரப்பும் உள்ள பட்டையில் நல்லமிளகுக் கொடி பற்றி ஏறும். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து தரும். இலை ஆட்டுக்கு. சளி பிடித்த பிள்ளைக்கு இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுப்போம். மாசியில் இலை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேல் என்று பூக்கும்போது காக்கையும் மைனாவும் தேனுக்கு அடித்துக்கொள்ளும். இத்தனை செய்கிற மரம் இரண்டே வருடத்தில் இப்படி ஆனது ஏன் என்று ஊரில் கேட்டேன். செல்போன் கோபுரம் என்றார் ஒருவர். ரப்பருக்கு அடிக்கும் மருந்து என்றார் இன்னொருவர். கண்ணேறு என்றாள் பெரியம்மை.

புடைத்த காம்பு ஒன்றைச் சவர பிளேடால் நெடுக்காகப் பிளந்தேன். உள்ளே பச்சைச் சதையில் வரிசையாகச் சிறு அறைகள், அறைக்கு ஒரு புழு. காலில்லாத வெள்ளைப் புழு, ரவைப் பருமன்கூட இராது. சில கட்டிகளின் மேலே ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகள், உள்ளே வெற்று அறை. இன்னொரு கொப்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். நான்காம் நாள் கண்ணாடியில் கரும்புள்ளிகள் ஊர்ந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இறகு முளைத்த குளவி. ஒன்றரை மில்லிமீட்டர்தான். பெண் கரும்பழுப்பில் மஞ்சள் திட்டுகளோடு இருந்தது; ஆண் அதைவிடச் சிறிது, வெளிறிய நிறம்.

விலங்கியல் படித்த நண்பர் ஒருவர்தான் அதற்குப் பெயர் சொன்னார்: குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே. 2006-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்த ஒரு சிறு குறிப்பின் நகலையும் தந்தார். இந்தக் குளவி இந்தியாவுக்குள் வந்துவிட்டதை அறிவித்த குறிப்பு அது. எழுதியவர்கள் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி வேளாண் கல்லூரிக்காரர்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். செல்போன் கோபுரத்தைப் பழித்துக்கொண்டிருந்த நாளில், விடை பக்கத்து மாவட்டத்திலேயே அச்சாகிக் கிடந்திருக்கிறது. அது எங்கள் விளை வரைக்கும் வந்து சேரவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2004-க்கு முன் இந்தக் குளவிக்குப் பெயரே இல்லை. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவு ஆகிய இடங்களில் பிடித்தவற்றைப் பார்த்து கிம், டெல்வார், லாசால் என்ற மூவர் அந்த ஆண்டு பெயரிட்டார்கள். மூன்றும் கப்பல் வந்துபோகிற தீவுகள். ஓரிடத்திலும் அது பழங்குடி இல்லை. தைவானில் 2003-இலேயே கண்டிருக்கிறார்கள். ஹவாய்க்கு 2005 ஏப்ரலில் வந்து, சில மாதங்களில் தீவு தீவாகத் தாவியது. ஒக்கினாவாவின் மாநில மலரான டெய்கோவையும் பிடித்தது. டெய்கோ என்பது நம் முருக்கேதான், அதே எரித்ரினா வேரிகேட்டா.

ஹவாய்க்காரர்கள் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. வில்லிவில்லி என்று அவர்களுக்கே உரிய ஒரு முருக்கு உண்டு, உலகில் வேறெங்கும் இல்லாதது. லேசான கட்டை என்பதால் அலைச்சறுக்குப் பலகையும் ஓடத்து மிதவையும் அதில் செய்வார்கள். முக்கியமான மரங்களுக்கு இமிடாகுளோபிரிட் மருந்தைத் தண்டில் ஏற்றிப் பார்த்தார்கள். மலை முழுக்க நிற்கும் மரத்துக்கு ஊசி போட்டு முடியுமா? குளவியின் தாய்வீட்டைத் தேடி ஆப்பிரிக்கா போனார்கள். முருக்கு இனங்கள் பல உள்ள கண்டம் அது. அங்கேயும் முருக்கிலையில் கட்டிகள் உண்டு, ஆனால் மரம் சாவதில்லை. கட்டிக்குள்ளேயே இந்தக் குளவியைத் தின்கிற குளவிகள் இருந்தன. அவற்றில் யூரிடோமா எரித்ரினே என்பதைத் தான்சானியாவிலிருந்து கொண்டுபோனார்கள். அதன் புழு அறை அறையாகத் துளைத்துப் போய் உள்ளிருப்பதைத் தின்னும். வேறு உயிர்களுக்குக் கேடு செய்யுமா என்று அடைத்து வைத்துச் சோதித்து, 2008 நவம்பரில் திறந்துவிட்டார்கள். வில்லிவில்லி மறுபடி தழைத்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சொந்த ஊரில் இந்தக் குளவி யாருக்கும் சத்துரு இல்லை. எதிரியைப் பின்னால் விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டதுதான் வினை. முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய இருபது நாள் போதும். ஒரு வருடத்தில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் நம் கையும் உண்டு. முருக்கு கொம்பால் பரவுகிற மரம். வேலிக்கும் கொடிக்கும் கல்யாணத்துக்கும் ஊர் விட்டு ஊர் கொம்பு தூக்கிப்போகிறோம். வெட்டுகிற கொப்பில் கட்டி இருந்தால் புழுவும் கூடவே பஸ் ஏறும்.

குளவிக்குப் பெயரிட்ட மூவரில் ஒருவரான லாசாலின் பெயர் தைலமரத்தின் கட்டிக் குளவியிலும் இருக்கிறது. லெப்டோசைபே இன்வேசா என்ற அதுவும் 2004-இல்தான் பெயர் பெற்றது. தமிழ்நாட்டுத் தைலமரக் காடுகளைப் பாடாய்ப் படுத்தியது. ஆனால் தைலமரத்துக்குப் பின்னால் காகித ஆலைகள் நின்றன. கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் தாங்கும் ரகங்களைத் தேடியது. இஸ்ரேலிலிருந்து எதிரிக் குளவி வந்தது. விந்தை என்னவென்றால், அந்த எதிரியும் குவாட்ராஸ்டிகஸ் இனம். ஒரே குடும்பத்தில் ஒருவன் கேடு, ஒருவன் காவல். முருக்குக்காகப் பேச ஆலை இல்லை. வனத்துறைக்கு அது வேலி மரம், வேளாண்துறைக்கு அது பயிரில்லை. எத்தனை மரம் செத்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. விளைக்காரர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள்: நல்லமிளகுக் கொடி சீமைக்கொன்றைக்கும் அயனிக்கும் பலாவுக்கும் ஏறியது.

அந்தக் கல்யாணத்துக்கு அரசங்கொம்போடு ஒப்பேற்றினோம். அம்மாவுக்கு மனம் ஆறவே இல்லை.

எங்கள் வேலியில் மிஞ்சியது ஒரே மரம். கட்டி விழுந்த கொப்பைக் கண்டதும் வெட்டி எரிப்பதைத் தவிர எனக்குத் தெரிந்த வைத்தியம் இல்லை, விடாமல் செய்கிறேன். போன மாதம் பேரப் பிள்ளைக்குச் சளி. அடை சுட இலை வேண்டும் என்று அம்மா கேட்டாள், ஒரு கொப்பு ஒடித்துக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காம்பை விரலால் தடவிப் பார்த்தாள். புடைப்பில்லாத ஏழு இலைகளை மடியில் போட்டுக்கொண்டாள். மற்றதை அள்ளிப்போய் அடுப்பில் போட்டேன்.