விழுங்கிய அழுகை

பொறுமையும் அடக்கமும் நம் நாட்டில் பெரிதும் போற்றப்படும் குணங்கள். அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை என்று மூன்று அதிகாரங்களை வகுத்துத் தந்தவர் வள்ளுவர். ஆயினும் அன்றாட வாழ்வில் நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது என்ன? ‘அழாதே’, ‘வாயை மூடு’, ‘ஆண்பிள்ளை இதற்கெல்லாம் கலங்கலாமா?’ என்னும் மூன்று கட்டளைகளோடு நமது உணர்ச்சிக் கல்வி முடிந்துவிடுகிறது. உணர்ச்சியை ஆள்வது வேறு. அதை விழுங்குவது வேறு. இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவன் என் தம்பி.

அவனைப் பற்றி எழுத அவனிடமே அனுமதி கேட்டேன். “பேரை மட்டும் போடாதே அக்கா” என்றான்.

பதினோராம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் அவனுக்குக் காலை வேளைகளில் வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலி இல்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினார். வயிற்றைச் சோதித்த மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றார். “பரீட்சைப் பயம், தானாகப் போய்விடும்” என்றார் அப்பா. அது போகவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் கிரிக்கெட் ஆடப் போவதையும் நிறுத்திவிட்டான். “எதுலயும் மனசு ஒட்டலக்கா. என்னன்னு சொல்லவும் தெரியல” என்று ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று சொன்னான்.

அடுத்த வாரம் அப்பாவே அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் மதிப்பெண் பற்றிக் கேட்கவில்லையாம். “வயிறு வலிக்கிறதுக்கு முன்னால மனசுல என்ன இருந்துச்சு?” என்றுதான் கேட்டாராம். மூன்று முறை போன பிறகும் தம்பிக்கு விடை தெரியவில்லை. அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, அந்த உணர்ச்சிக்குப் பெயர் என்ன என்று நாள்தோறும் எழுத வேண்டும். முதல் வாரம் முழுவதும் ‘கடுப்பு’ என்ற ஒரே சொல்தான். பிறகு மெல்ல மெல்ல வெட்கம், பொறாமை, ஏமாற்றம் என்று சொற்கள் பிரிந்தன. ஒரு நாள் ‘பயம், அப்பா தலைகுனிய நேருமோ என்று’ என எழுதியிருந்தான். அதைப் படித்த அப்பா நெடுநேரம் பேசவில்லை.

வரலாறு பயிலும் எனக்கு உளநூலில் புலமை கிடையாது. தம்பிக்காகத் தேடிப் படித்தவற்றையே இங்குச் சொல்கிறேன். அமெரிக்க உளநூலார் கிராட்ஸ், ரோமர் இருவரும் 2004-இல் 36 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். உணர்ச்சியை ஆள இயலாமையை அது ஆறாகப் பிரிக்கிறது: உணர்ச்சியைக் கவனியாமை, அது இன்னதெனத் தெளியாமை, அதை ஏற்க மறுத்தல், அவ்வேளையில் கைவேலை ஓடாமை, கட்டுப்பாடு இழத்தல், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நம்புதல். படித்தபோது தம்பியின் அந்த ஓராண்டு முழுவதும் என் கண்முன் வந்தது.

விழுங்கினால் உணர்ச்சி கரைந்துவிடுமா? கிராஸ், லெவன்சன் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் நம்மைப் போன்ற 180 கல்லூரி மாணவியருக்குப் படக்காட்சிகளைக் காட்டினர். ஒரு சாராரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றனர். அவர்கள் முகம் அடங்கியது. சோகக் காட்சி தந்த துயரம் குறையவில்லை. இதயமும் இரத்தக் குழாய்களும் கூடுதலாக உழைத்தன. தம்பியின் வயிறு பேசிய மொழி எனக்கு அப்போது புரிந்தது.

2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நடுநிலைப் பள்ளி வயதினர் 1,065 பேரை ஏழு மாத இடைவெளியில் இருமுறை கண்டது. முதலில் உணர்ச்சியை ஆளத் தடுமாறியவர்களிடம் பின்னர்ப் பதற்றம் கூடியிருந்தது. பதற்றத்தோடு தொடங்கியவர்களிடம் தடுமாற்றம் அதனால் கூடவில்லை. மனச்சோர்வுக்கு மட்டும் அத்தகைய நேர்த்தொடர்பு அங்கே காணப்படவில்லை. சோர்வின் பாதை வேறு. நடந்ததையே மாடு அசைபோடுவதுபோல் மீண்டும் மீண்டும் நினைப்பது சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்செமா 1991 முதலே எழுதிவந்தார். இரண்டையும் தம்பியிடம் கண்டேன். பகலில் விழுங்கினான், இரவில் அசைபோட்டான்.

உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கலாம். அச்சம், சினம் காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னவர்களின் மூளையில், அபாயத்தை உணர்ந்து கிளர்ச்சியுறும் பகுதி சற்று அடங்கியதை 2007-இல் லீபர்மன் குழுவினர் காட்டினர். மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்த தொல்காப்பியத்தைப் பெற்ற நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. அழுகையும் அச்சமும் அந்த எட்டில் அடங்கியவையே; அவற்றை இழுக்கென்று அந்நூல் ஒதுக்கவில்லை.

தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். தேர்வு நாளில் வலி இன்னும் எட்டிப்பார்க்கிறது. “வந்திருக்கு அக்கா, பயம்தான்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புகிறான்.

மாணவ நண்பர்களே! நம் வகுப்பிலும் விடுதியிலும் காரணமின்றி எரிந்துவிழுகிறவர்கள் உண்டு. சிரித்த முகத்தோடு உணவை வெறுத்து எழுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் ‘விடுடா, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வதற்கு முன், ‘என்ன தோன்றுகிறது?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நம்மால் தாங்க முடியாத பாரமானால் 14416 என்ற எண் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய இந்த அரசு மனநலச் சேவையில் இரவிலும் பகலிலும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள்: கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவரை ‘நல்ல பிள்ளை’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த அமைதி அடக்கமாக இருக்கலாம். விழுங்கிய அழுகையாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.