கிள்ளாதீர்கள், பாருங்கள்

திரையில் தெரிந்தது ஒரு இளஞ்சிவப்புத் திட்டு. 15 மி.மீ. அகலம் இருக்கும். பாலிப் என்று சொல்ல மனம் வராத தட்டையான புடைப்பு. நடுவில் லேசான குழி. டோக்கியோவில் ஒரு பெரிய மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறை. நோயாளி இடப்பக்கம் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார். காலையிலேயே லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடித்திருந்ததால் குடல் கழுவித் துடைத்ததுபோல் சுத்தம்.

அடுத்து பயாப்சி எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு துணுக்கைக் கிள்ளி லேபுக்கு அனுப்பினால் போயிற்று, இல்லையா? கேட்டும் விட்டேன். மருத்துவர் திரையை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்: “கிள்ளினால் இது புற்றா என்று தெரியலாம். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியாது. கிள்ளிய இடம் தழும்பாகி அடியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு இதை உரித்தெடுக்க நான்தான் திண்டாட வேண்டும்.”

ஆழம்தான் இங்கே வழக்கு. பெருங்குடல் சுவரின் உட்படலத்தோடு புற்று நின்றுவிட்டால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதில்லை. அதன் கீழடுக்கில் இறங்கிவிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கணுக்களிலும் இருக்கும். அந்தக் கீழடுக்கில் 1,000 மைக்ரோமீட்டர், அதாவது 1 மி.மீ., என்பதை ஜப்பானியர்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் என்றால் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். தாண்டியிருந்தால் பெரும்பாலும் வயிற்றைத் திறக்கும் அறுவை அல்லது லேப்ராஸ்கோபி. குடலில் ஒரு பகுதியே போகும். மலக்குடலின் அடியில் என்றால், வயிற்றில் மாட்டிய மலப்பையோடு வாழவும் நேரலாம்.

ஒரு பொத்தானை அழுத்தினார். திரை நிறம் மாறியது. இப்போது விழுவது 415, 540 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய ஒளி மட்டும். ரத்தம் அதை உறிஞ்சுவதால் நுண்நாளங்கள் பழுப்பாக எழுந்து நின்றன. கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்த, படம் பல பத்து மடங்கு பெரிதானது. குழாய் முனையில் மாட்டிய கறுப்பு ரப்பர் வளையம் திட்டின்மேல் மெல்லப் படிந்து ஆட்டத்தை நிறுத்தியது. “2பி” என்றார்.

2014-இல் ஜப்பானிய நிபுணர் குழு ஒன்று வகுத்த ‘ஜேநெட்’ பகுப்பு அது. 1, 2ஏ என்றால் பெரிய கவலையில்லை. 3 என்றால் ஆழத்தில் இறங்கியாயிற்று. 2பி தான் தலைவலி: மேலோட்டமானதும் இருக்கும், ஆழமானதும் ஒளிந்திருக்கும். அதனால்தான் சாயம்.

சாயத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிரிஸ்டல் வயலெட். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவிவிட்ட அதே ஊதா மருந்து, இங்கே 0.05 சதவீதமாக நீர்த்திருந்தது. முதலில் சளியைக் கழுவினார்கள். பிறகு மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக, திட்டை உரசாமல். ரத்தம் கசிந்தால் பார்வையே போய்விடும். காத்திருந்தோம்.

செல்கள் ஊதாவைக் குடித்தன. சுரப்பிகளின் வாய்கள் மட்டும் நிறம் ஏறாமல் மிஞ்சின. ஓரத்து நல்ல திசுவில் அவை இடியாப்ப அச்சின் துளைகள்போல வட்டமாக, சீராக. திட்டின்மேல் நீண்ட குழல்களாயின. நடுக்குழியை நெருங்க நெருங்க அளவும் இடைவெளியும் குலைந்தன. இந்தத் துளைகளை ஐந்து வகையாகப் பிரித்தவர், அகிதா நகரில் பணியாற்றிய ஷின்-எய் குதோ. அது 1990-களின் வேலை. ஐந்தாம் வகையில் இரண்டு: ஒழுங்கு குலைந்தது, துளையே இல்லாமல் அழிந்தது. புற்று கீழே பெருகி இறங்கும்போது மேற்பரப்புச் சுரப்பிகள் சிதைந்து உதிர்ந்து, அடியிலுள்ள நார்த்திசு வெளியே தெரியும். மேலே நின்று அடியாழத்தைப் படிக்க முடிவது இதனால்தான்.

எப்போதும் முடியாது என்பதும் உண்மை. டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தினர் 4,215 கட்டிகளைப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆழமாக இறங்கியவற்றில் 85.6 சதவீதத்தை இம்முறை சரியாகப் பிடித்தது. மற்றவை நழுவின. காம்புள்ள கட்டிகளில் மேற்பரப்பு கெடாமலே உள்ளே இறங்குவதுண்டு. இந்த எண்ணும் பழகிய கண்களின் எண். கருவியை வாங்கிவைத்த எல்லா ஊரிலும் இது வரும் என்று நான் நம்பமாட்டேன்.

இவருக்குக் குழியில் துளைகள் குலைந்திருந்தாலும் விளிம்புகள் இன்னும் தெரிந்தன. எல்லை வகுத்துக்கொண்டு அழிந்த பகுதி இல்லை. உரித்தெடுக்கத் தேதி குறித்தார்கள்.

பக்கத்து அறையில் வேறொருவரிடமிருந்து அப்படி உரித்த திட்டைத் தட்டையாக விரித்து ஊசி குத்தி வைத்திருந்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் அதன் படத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நோய்க்கூறு நிபுணர் இதைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் சீவுவார். மிக மோசமாகத் தெரிந்த இடத்தின் வழியாகக் கத்தி போகாவிட்டால் ஆழம் குறைவாகத் தெரிந்துவிடுமாம். ஆழத்தோடு, ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்று நுழைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்.

“1 மி.மீ.யைத் தாண்டியிருந்தால்?”

“அறுவைபற்றி அவரிடம் பேசுவோம்” என்றார். “ஒரே துண்டாக எடுத்திருக்கிறோம். அதனால் நம்பி அளக்கலாம்.”